ஜாங்கோ சில்க் ரிவ்யூ: உங்க ஏபிஐ ஒரு ரிக்வெஸ்டுக்கு எத்தனை குவெரி போடுதுன்னு தெரியுமா?

ஏபிஐ (ஆப்போ ஃப்ரண்டெண்டோ டேட்டா கேட்டு வாங்குற சர்வர் பக்கத்து வழி) ஸ்லோவா இருக்குன்னு கம்ப்ளைண்ட் வந்த உடனே டீம்ல யாராவது ஒருத்தர் சர்வரப் பெருசு பண்ணலாம்னு ஆரம்பிப்பாங்க, இன்னொருத்தர் ரெடிஸ்னு ஒரு மெமரி ஸ்டோர் போட்டு கேஷ் பண்ணிடலாம்பாங்க. ரெண்டுக்குமே தேவைப்படுற இடம் இருக்கு, மறுக்கல. ஆனா அந்த ஒத்த ரிக்வெஸ்ட் உள்ள வந்து வெளிய போறதுக்குள்ள டேட்டாபேஸுக்கு எத்தனை தடவ போயிட்டு வருதுன்னு எண்ணிப் பாக்காம இதுல எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன். ஏன்னா பல சமயம் டேட்டாபேஸுக்கு அனுப்புற கேள்வி, அதாவது குவெரி, ஒவ்வொண்ணும் ஒரு மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சிரும், ஸ்லோ குவெரி லாக்ல ஒண்ணுமே மாட்டாது, ஆனா அந்த மாதிரி நூறு குவெரி ஒண்ணு பின்னால ஒண்ணா ஓடுறதுல மொத்த ரிக்வெஸ்டும் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். பைதான்ல வெப் ஆப் எழுத உதவுற ஃப்ரேம்வொர்க் ஜாங்கோ, அதுல அத எண்ணிக் காட்டுறதுக்குன்னே இருக்கிற டூல்தான் ஜாங்கோ சில்க். நான் தினமும் திறந்து வச்சிருக்கிற டூல் இது, அதனால நல்லது கெட்டது ரெண்டையும் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஜாங்கோ ப்ராஜெக்ட்ல ஒரு மிடில்வேரா (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் கடந்து போற அடுக்கா) சொருகிக்கிற ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ், எம்ஐடி லைசென்ஸ், காசு கிடையாது. வர்ற ஒவ்வொரு ஹெச்டிடிபி ரிக்வெஸ்டையும், அதுக்குப் போன ரெஸ்பான்ஸையும், நடுவுல ஓஆர்எம் (பைதான் கோட டேட்டாபேஸ் குவெரியா மாத்துற ஜாங்கோவோட பகுதி) போட்ட எஸ்க்யூஎல் அத்தனையையும் பிடிச்சு உங்க டேட்டாபேஸ்லயே தனி டேபிள்கள்ல சேமிச்சு வச்சிரும். அப்புறம் ஒரு வெப் பக்கத்துல எல்லாத்தையும் வரிசையாக் காட்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனா ஏபிஐ எழுதுறவங்களுக்கு இந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரிய உதவின்னு கொஞ்சம் விளக்கணும்.

ஜாங்கோன்னாலே எல்லாரும் சொல்றது டீபக் டூல்பார். அருமையான டூல், சந்தேகமே இல்ல. ஆனா அதோட பொறப்பே ஹெச்டிஎம்எல் பக்கத்துக்காக, பக்கத்தோட பாடி டேக் முடியிற இடத்துல தன்னோட பட்டையச் செருகும். ஏபிஐ திருப்பி அனுப்புறது ஜேசன்னு வெறும் டேட்டா, அங்க செருக இடமே கிடையாது. பின்னாடி 2020-ல ஹிஸ்டரி பேனல்னு ஒண்ணு சேத்தாங்க, அதனால இப்ப வேற ஒரு ஹெச்டிஎம்எல் பக்கத்தத் திறந்து வச்சுக்கிட்டு ஏபிஐ ரிக்வெஸ்டையும் பாக்கலாம், ஆனா மொபைல் ஆப்ல இருந்து வர்ற கால், ஃப்ரண்டெண்ட் டீம் அவங்க மெஷின்ல இருந்து அடிக்கிற கால், இதெல்லாம் நாள் கணக்குல சேத்து வச்சு அப்புறம் நிதானமாப் பாக்க அது தோதா இல்ல. இன்னொரு வழி, கனெக்ஷன் டாட் குவெரீஸ்னு ஜாங்கோவே வச்சிருக்கிற லிஸ்ட்ட ப்ரிண்ட் பண்ணிப் பாக்கிறது. டீபக் செட்டிங் ட்ரூவா இருந்தாத்தான் அது நிரம்பும், 9000 குவெரி தாண்டினா பழசத் தள்ளிட்டு புதுச மட்டும் வச்சுக்கும், ஒவ்வொரு ரிக்வெஸ்ட் ஆரம்பிக்கும்போதும் காலியாயிடும். ஷெல்ல உக்காந்து ஒரு குவெரிசெட்ட சோதிக்க நல்லா இருக்கும், முழு ஏபிஐய கண்காணிக்க முடியாது.

இன்ஸ்டால் பண்றதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பிப்ல போடுங்க, இன்ஸ்டால்டு ஆப்ஸ்ல சேருங்க, மிடில்வேர்ல சேருங்க, யூஆர்எல்ல ஒரு வரி, மைக்ரேட் ஓட்டுங்க, முடிஞ்சது. மிடில்வேர் வரிசைய மட்டும் கவனமா வைங்க. சில்க்குக்கு முன்னாடி இருக்கிற ஏதாவது மிடில்வேர் அடுத்த ஆளக் கூப்பிடாம தானே ரெஸ்பான்ஸ் குடுத்து அனுப்பிட்டா சில்க் ஓடவே ஓடாது, அந்த ரிக்வெஸ்ட் லிஸ்ட்லயே வராது, நீங்க எங்கடா போச்சுன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. ரெஸ்பான்ஸ சுருக்கி அனுப்புற ஜிஜிப் மிடில்வேர் வச்சிருந்தா அது சில்க்குக்கு மேல இருக்கணும், இல்லேன்னா என்கோடிங் எரர் அடிக்கும். இந்த ரெண்டும் டாக்குமெண்டேஷன்லயே சொல்லியிருக்காங்க, ஆனா நிறைய பேரு அந்தப் பகுதியப் படிக்கிறதில்ல.

திறந்த உடனே வர்ற சம்மரி பக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மொத்தத்துல அதிக நேரம் எடுத்த ரிக்வெஸ்ட்கள், டேட்டாபேஸ்ல அதிக நேரம் செலவழிச்ச ரிக்வெஸ்ட்கள், அதிக குவெரி போட்ட ரிக்வெஸ்ட்கள்னு மூணு வரிசையாப் பிரிச்சுக் காட்டும். மூணும் ஒண்ணு போலத் தெரியும், ஆனா ஒண்ணு இல்ல. நான் நேரா மூணாவதுக்குத்தான் போவேன், அதுக்குக் காரணம் இருக்கு. டெவலப்மெண்ட் மெஷின்ல ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே பெட்டிக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்கும், போயிட்டு வர்ற நேரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், டேபிள்ல சாம்பிள் டேட்டா கொஞ்சூண்டு இருக்கும். அங்க நேரத்தப் பாத்தா எல்லாமே ஜோராத்தான் இருக்கும். நிஜ யூசர்கள் வர்ற ப்ரொடக்ஷன்ல டேட்டாபேஸ் தனி மெஷின்ல நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கும், ஒவ்வொரு குவெரிக்கும் போக வர ஒரு மில்லிசெகண்ட்னு வச்சுக்கிட்டாலே நூறு குவெரிக்கு நூறு மில்லிசெகண்ட் சும்மா பயணத்துலயே போயிரும், வேலை நடந்த நேரம் அதுக்கு மேல. நேரம் மெஷினுக்கு மெஷின் மாறும், எண்ணிக்கை மாறாது. அதனால டெவலப்மெண்ட்ல நம்ப வேண்டியது எண்ணிக்கையத்தான்.

ஒரு எண்ட்பாயிண்ட்ட (ஏபிஐயோட ஒரு முகவரி) எடுத்துக்கிட்டு முழுசாப் பாப்போம், அப்பத்தான் இந்த டூலோட ருசி தெரியும். ஆர்டர் லிஸ்ட் ஏபிஐன்னு வைங்க, ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க், பக்கத்துக்கு 20 ஆர்டர். ஒவ்வொரு ஆர்டர்லயும் கஸ்டமர் விவரம் வரணும், உள்ள ஐட்டம்கள் வரணும், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ப்ராடக்ட் பேரு வரணும். நெஸ்டட் சீரியலைசர் (மாடல ஜேசனா மாத்துற கிளாஸ், ஒண்ணுக்குள்ள ஒண்ணா) எழுதியாச்சு, வியூல ஆர்டர் டாட் ஆப்ஜெக்ட்ஸ் டாட் ஆல். கோடு பாக்க அழகா இருக்கும், ரிவ்யூலயும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சில்க்ல அந்த ரிக்வெஸ்ட்ட க்ளிக் பண்ணா 103 குவெரி. எப்படின்னு எண்ணலாம். டோக்கன் சரிபாக்க ஒண்ணு, பேஜினேஷனுக்கு மொத்த எண்ணிக்கை எடுக்க கவுண்ட் ஒண்ணு, ஆர்டர்கள எடுக்க ஒண்ணு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் கஸ்டமர எடுக்க 20, ஐட்டம் எடுக்க இன்னொரு 20, ஆர்டருக்கு மூணு ஐட்டம்னா ப்ராடக்ட் எடுக்க 60. கூட்டினா 103.

எஸ்க்யூஎல் டேப்ல போனா ஒவ்வொரு வரிக்கும் எந்த டேபிள், எத்தனை ஜாயின், எவ்வளவு நேரம்னு காட்டும். கீழ ஸ்க்ரோல் பண்ணப் பண்ண ப்ராடக்ட், ப்ராடக்ட், ப்ராடக்ட்னு ஒரே டேபிள் பேரு, ஜாயின் பூஜ்ஜியம், நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மி, அப்படியே பக்கம் முழுக்க. என் ப்ளஸ் ஒன்னு பேசுறாங்களே, லிஸ்ட்டுக்கு ஒரு குவெரி போட்டுட்டு அதுல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா இன்னொரு குவெரி போடுறது, அத விளக்கிச் சொல்ல எவ்வளவோ கட்டுரை இருக்கு, ஆனா புதுசா வந்த டெவலப்பருக்கு இந்த ஒரு ஸ்க்ரீன ஸ்க்ரோல் பண்ணிக் காட்டுனாப் போதும், அவங்களே சொல்லிடுவாங்க என்ன நடக்குதுன்னு.

சரி பண்றது என்னவோ ரெண்டு வரிதான். கஸ்டமர் ஃபாரின் கீ (ஒவ்வொரு ஆர்டரும் ஒரே ஒரு கஸ்டமரச் சுட்டும்), அதனால செலக்ட் ரிலேட்டட், அது ஜாயினாயி ஆர்டர் குவெரிக்குள்ளயே வந்துரும். ஐட்டம்கள் பல இருக்கும், அதனால ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்ல ஐட்டம்ஸ் ரெண்டு அண்டர்ஸ்கோர் ப்ராடக்ட்னு குடுத்தா, ஐட்டம் எல்லாத்துக்கும் சேத்து ஒரு குவெரி, ப்ராடக்ட் எல்லாத்துக்கும் சேத்து ஒரு குவெரி. திரும்ப அதே ரிக்வெஸ்ட்ட அடிச்சுட்டு சில்க்க ரிஃப்ரெஷ் பண்ணா 5. டோக்கன், கவுண்ட், கஸ்டமரோட சேந்த ஆர்டர், ஐட்டம், ப்ராடக்ட். 103 எங்க 5 எங்க. பக்கத்துக்கு 20-க்கு பதிலா 50 ஆர்டர் கேட்டாலும் அதே 5தான், அதுதான் முக்கியம்.

இங்கதான் பல பேரு வேலை முடிஞ்சதுன்னு எழுந்து போயிடுறாங்க. அடுத்த வாரம் யாரோ ஒருத்தர் சீரியலைசர்ல ஒரு மெத்தட் ஃபீல்டு சேப்பாங்க, கேன்சல் ஆகாத ஐட்டம் எத்தனைன்னு காட்ட, அதுக்குள்ள ஐட்டம்ஸ் டாட் ஃபில்டர்னு எழுதுவாங்க. ஐட்டம்ஸ்தான் ஏற்கனவே ப்ரீஃபெட்ச் ஆயிடுச்சே, அதுலயே வடிகட்டிக்கும்னு தோணும். அப்படி நடக்காது. ப்ரீஃபெட்ச் ஆனது ஐட்டம்ஸ் டாட் ஆல்-க்கு மட்டும்தான், ஃபில்டர்னோ ஆர்டர் பைன்னோ ஏதாவது சேத்த உடனே ஜாங்கோ அது வேற கேள்வின்னு எடுத்துக்கிட்டு புதுசா டேட்டாபேஸுக்குப் போகும். 20 ஆர்டருக்கு 20 குவெரி கூடி 25 ஆயிடும். கோடு டிஃப்ல இது ரொம்ப அப்பாவியாத் தெரியும், சில்க்ல பளிச்சுன்னு தெரியும். ஆல்-ல வர்றத பைதான்லயே லூப் போட்டு எண்ணிக்கலாம், இல்லேன்னா ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்ட்ல வடிகட்டின குவெரிசெட்டக் குடுத்து தனி ஆட்ரிப்யூட்ல வாங்கிக்கலாம். முதல் வழியில கூடுதல் குவெரியே கிடையாது, ரெண்டாவதுல ஒண்ணே ஒண்ணு.

எண்ணிக்கை காட்டுறது பாதிதான், மீதி ட்ரேஸ்பேக். எந்தக் குவெரிய க்ளிக் பண்ணாலும் அது கோட்ல எந்த ஃபைல் எந்த வரியில இருந்து கிளம்புச்சுன்னு முழு ஸ்டாக்கையும் காட்டும், வரிய க்ளிக் பண்ணா அந்த இடத்துக் கோடு அங்கேயே விரியும். பெரிய ப்ராஜெக்ட்ல இது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. பர்மிஷன் கிளாஸ் உள்ள ஒரு எக்ஸிஸ்ட்ஸ், சிக்னல்குள்ள ஒரு கெட், மாடலோட ஸ்ட்ரிங் மெத்தட்ல ஒரு ஃபாரின் கீ தொடுறது, ப்ராப்பர்ட்டின்னு பேரு வச்ச ஃபங்ஷனுக்குள்ள ஒரு அக்ரிகேட், இப்படி குவெரி ஒளிஞ்சிருக்கிற இடம் ஏராளம். எஸ்க்யூஎல் டெக்ஸ்ட்ட மட்டும் பாத்தா யார் போட்டதுன்னு கண்டுபிடிக்கவே அரை நாள் போயிரும். ஸ்டாக்குல ஃப்ரேம்வொர்க்கோட வரிகளும் நிறைய கலந்து வரும், நம்ம ஆப் பேரு வர்ற வரிய மட்டும் தேடிப் பிடிச்சுப் பழகிட்டா பத்து செகண்ட்ல ஆளப் பிடிச்சிரலாம்.

இன்னொண்ணு, ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் மொத்த நேரம், குவெரி நேரம்னு ரெண்டையும் தனித்தனியாப் போடுது பாருங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியக் கவனிங்க. மொத்தம் 800 மில்லிசெகண்ட், குவெரி 90 மில்லிசெகண்ட்னு இருந்தா டேட்டாபேஸத் திட்டிப் பிரயோஜனமில்ல. வந்த வரிகள வச்சு மாடல் ஆப்ஜெக்ட் கட்டுறது, அத சீரியலைசர் ஒவ்வொரு ஃபீல்டாப் பிரிச்சு மேயறது, ஜேசனா மாத்துறது, இதெல்லாம் பைதான் நேரம், குவெரி நேரத்துல சேராது. நடுவுல வெளி சர்வீஸுக்கு ஒரு கால் போயிருந்தா அதுவும் இந்த இடைவெளியிலதான் ஒளிஞ்சிருக்கும். அப்ப டேட்டாபேஸ்ல தேடல வேகமாக்குற இண்டெக்ஸ் போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல. இந்த மாதிரி நேரத்துல சில்க்கோட பைதான் ப்ரொஃபைலர ஆன் பண்ணலாம், உள்ளுக்குள்ள பைதானோட சிப்ரொஃபைலதான் ஓட்டுது, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம்னு பட்டியல் வரும். ஒரு குறிப்பிட்ட பிளாக்க மட்டும் அளக்கணும்னா சில்க் ப்ரொஃபைல் டெகரேட்டர், அதுக்குள்ள நடந்த குவெரிய மட்டும் தனியாப் பிரிச்சுக் காட்டும். சர்வீஸ் லேயர்னு தனியா வச்சு எழுதுறவங்களுக்கு இது செம்ம வசதி.

ரிக்வெஸ்ட் விவரப் பக்கத்துல அந்த ரிக்வெஸ்ட்ட திரும்ப அடிக்கிறதுக்கான கர்ல் கமாண்டும், ஜாங்கோ டெஸ்ட் க்ளையண்ட்ல எழுதுறதுக்கான பைதான் கோடும் தானே ஜெனரேட் பண்ணிக் குடுக்கும். சின்ன விஷயம்தான், ஆனா ஃப்ரண்டெண்ட்ல இருந்து வந்த ஒரு சிக்கலான போஸ்ட்ட அப்படியே காப்பி பண்ணி டெர்மினல்ல ஓட்ட முடியிறது எவ்வளவு நேரத்த மிச்சம் பண்ணும்னு செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும்.

இப்ப கவனமா இருக்க வேண்டிய இடங்கள். சில்க்கி அனலைஸ் குவெரீஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, ஆன் பண்ணா ஒவ்வொரு குவெரிக்கும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் ஓட்டி டேட்டாபேஸ் அத எப்படி ஓட்டுதுங்கிற ப்ளானக் காட்டும். டேபிள முழுசாப் படிக்கிற சீக்வன்ஷியல் ஸ்கேன் போகுதா இண்டெக்ஸ் பிடிக்குதான்னு அங்கேயே தெரிஞ்சிரும், கேக்கவே ஆசையா இருக்கும். ஆனா போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்ங்கிறது ப்ளான மட்டும் சொல்றதில்ல, அந்தக் குவெரிய நிஜமாவே ஓட்டும். படிக்கிற குவெரின்னா ரெண்டு தடவ படிக்கும், அதோட போச்சு. எழுதுற குவெரி ரெண்டு தடவ ஓடுச்சுன்னா என்னாகும்னு யோசிச்சுக்கங்க. சரக்கு இருப்ப ஒண்ணு குறைக்கிற அப்டேட், பேலன்ஸக் கூட்டுற அப்டேட்லாம் இருக்கிற ப்ராஜெக்ட்ல இத நிரந்தரமா ஆன்ல வைக்காதீங்க. தேவைப்படுற அந்த ஒரு செலக்ட்ட காப்பி பண்ணி டேட்டாபேஸ் ஷெல்ல நீங்களே எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பாருங்க, அதுதான் நிம்மதி.

அடுத்தது, சில்க் கண்ணுல படாத குவெரிகள். இது வேலை செய்யிற விதம் என்னன்னா, ஜாங்கோ ஓஆர்எம்மோட எஸ்க்யூஎல் கம்பைலர்ல எக்ஸிக்யூட் பண்ற ஃபங்ஷனத் தன்னோடதா மாத்தி வச்சுக்கும். அப்ப அந்த வழியாப் போறது மட்டும்தான் பதிவாகும். கனெக்ஷன் டாட் கர்சர் வாங்கி நீங்களே எஸ்க்யூஎல் எழுதி ஓட்டினா அது கம்பைலரத் தொடாமலே போயிரும், லிஸ்ட்ல வராது. ரிப்போர்ட் ஏபிஐகள்ல ரா எஸ்க்யூஎல் நிறைய இருக்கும், அந்த மாதிரி ப்ராஜெக்ட்ல குவெரி நேரம் கம்மியாக் காட்டுதேன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க. அதையும் பிடிக்கணும்னா ஜாங்கோ 2.0-ல இருந்து இருக்கிற எக்ஸிக்யூட் ராப்பர் இருக்கு, அது கர்சர் மட்டத்துலயே உக்காருது, ரா குவெரியும் மாட்டும், பத்து பதினஞ்சு வரியில நீங்களே ஒரு கவுண்டர் மிடில்வேர் எழுதிக்கலாம். அதே மாதிரி செலரி மாதிரி பேக்கிரவுண்ட் வொர்க்கர்ல ஓடுற வேலைகளும் வராது, ஏன்னா அங்க ஹெச்டிடிபி ரிக்வெஸ்டே இல்ல, மிடில்வேரும் ஓடாது. ஏபிஐ வேகமா இருக்கட்டும்னு கனமான வேலைய வொர்க்கருக்குத் தள்ளி விட்டிருப்பீங்க, டேட்டாபேஸ் மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும், சில்க்ல எல்லாம் பச்சையாத் தெரியும்.

எனக்குப் பெரிய குறைன்னு தோணுறது, ஒரே மாதிரி குவெரிகள ஒண்ணாச் சேத்து இது இத்தனை தடவன்னு சொல்றதில்ல. டீபக் டூல்பார்ல இது அழகா இருக்கு, இத்தனை ஒத்த குவெரி, இத்தனை டூப்ளிகேட்னு பக்கத்துலயே போடும். சில்க்ல கண்ணால பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். அடுத்தடுத்து வந்தா சரி, நடுவுல மத்த குவெரி கலந்து வந்தா சிரமம்.

அப்புறம் சுமை. ஒரு ரிக்வெஸ்ட்ல 103 குவெரின்னா சில்க் அதுக்காக 103 வரி எழுதும், ஒவ்வொரு வரியிலயும் முழு எஸ்க்யூஎல் டெக்ஸ்ட், முழு ட்ரேஸ்பேக். ஸ்டாக்க எடுக்கிறதே ஒவ்வொரு குவெரிக்கும் ஒரு செலவு. ரிக்வெஸ்ட் பாடி சேமிக்க டீஃபால்ட்டா வரம்பும் கிடையாது, ஃபைல் அப்லோட் ஏபிஐ இருந்தா கட்டாயம் மேக்ஸ் ரிக்வெஸ்ட் பாடி சைஸ் செட் பண்ணுங்க. சில்க்கி மெட்டா ஆன் பண்ணா சில்க்கே இந்த ரிக்வெஸ்ட்ட சேமிக்க எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு சொல்லிரும், அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. டேபிள் அளவில்லாம வளராம இருக்க மேக்ஸ் ரெக்கார்டட் ரிக்வெஸ்ட்ஸ்னு ஒரு வரம்பு இருக்கு, தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம், அது ஒவ்வொரு ரிக்வெஸ்டுலயும் செக் பண்ணாம டீஃபால்ட்டா 10 சதவீத ரிக்வெஸ்ட்ல மட்டும் செக் பண்ணி பழசக் கழிக்கும். அந்த வேலையும் ரிக்வெஸ்ட் நடுவுல வேணாம்னா கார்பேஜ் கலெக்ட் கமாண்ட்ட, குறிச்ச நேரத்துல தானே ஓட்டுற க்ரான்ல போட்டு விட்டுருங்க.

ப்ரைவசி பத்தி யாரும் பேசுறதில்ல, ஆனா எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். சில்க் சேமிக்கிற எஸ்க்யூஎல்ல வேல்யூக்களும் சேந்தே வரும். கஸ்டமரோட ஃபோன் நம்பர வச்சுத் தேடுனீங்கன்னா அந்த நம்பர் அப்படியே லாக் டேபிள்ல உக்காந்துக்கும். ரிக்வெஸ்ட் பாடியில பாஸ்வேர்டு, டோக்கன், சீக்ரெட் மாதிரி சில பேருள்ள ஃபீல்டுகள டீஃபால்ட்டா மறைச்சிரும், ஆனா உங்க ப்ராஜெக்ட்ல ரகசியமா இருக்க வேண்டிய ஃபீல்டு பேரு வேறயா இருக்கும்ல, அத சென்சிட்டிவ் கீஸ்ல நீங்கதான் சேக்கணும். அதுக்கும் மேல, சில்க்கோட அந்த வெப் பக்கத்துக்கு டீஃபால்ட்டா லாகின் கிடையாது. யூஆர்எல் தெரிஞ்ச யாரும் திறந்து பாக்கலாம். லோக்கல் மெஷின்ல பரவாயில்ல, ப்ரொடக்ஷனுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்கிற ஸ்டேஜிங்ல போடுற அன்னைக்கே சில்க்கி ஆத்தெண்டிகேஷன், சில்க்கி ஆத்தரைசேஷன் ரெண்டையும் ட்ரூ பண்ணுங்க, ஸ்டாஃப் யூசர்தான் பாக்கணும். நிஜ கஸ்டமர் டேட்டாவோட காப்பி ஸ்டேஜிங்ல இருக்குன்னா இது இன்னும் கண்டிப்பு.

இதெல்லாம் சேத்துப் பாத்தா ப்ரொடக்ஷன்ல சில்க் வேணாம்னுதான் சொல்லுவேன். இண்டர்செப்ட் பர்சென்ட்னு வச்சு நூத்துல ஒரு ரிக்வெஸ்ட்ட மட்டும் பிடிக்கலாம், இண்டர்செப்ட் ஃபங்ஷன் எழுதி குறிப்பிட்ட யூஆர்எல்ல வர்றத மட்டும் பிடிக்கலாம், ரெண்டுல ஒண்ணுதான் வேலை செய்யும், ரெண்டும் சேந்து இல்ல. அவசரத்துக்கு ஒரு மணி நேரம் வச்சுப் பாக்கலாம்னா சரி, நிரந்தரமா இல்ல.

ப்ரொடக்ஷனுக்கு போஸ்ட்கிரெஸ்ஸோட பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ் எக்ஸ்டென்ஷன்தான் என்னோட தேர்வு. ஷேர்டு ப்ரீலோட் லைப்ரரீஸ்ல சேத்து ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணணும், அப்புறம் டேட்டாபேஸ்ல க்ரியேட் எக்ஸ்டென்ஷன் ஓட்டணும், அதோட சரி. வேல்யூக்கள எடுத்துட்டு ஒரே வடிவக் குவெரிகள ஒண்ணாக்கி, எத்தனை தடவ ஓடுச்சு, மொத்தம் எவ்வளவு நேரம், சராசரி எவ்வளவுன்னு குடுக்கும். சில்க்ல இல்லாத அந்தக் கொத்தாச் சேக்கிற வேலைய இது கச்சிதமாச் செய்யும். மொத்த நேரத்த வச்சு வரிசைப்படுத்துங்க, சராசரி துளியூண்டா இருந்துக்கிட்டு எண்ணிக்கை மலை மாதிரி நிக்கிற அந்த ப்ராடக்ட் குவெரி மேல வந்து நிக்கும். பழைய ஸ்க்ரிப்ட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், பதிப்பு 13-ல டோட்டல் டைம்ங்கிற ஃபீல்டு டோட்டல் எக்ஸிக் டைம்னு பேரு மாறிடுச்சு. இதோட குறை, எந்த எண்ட்பாயிண்ட்ல இருந்து வந்துச்சுன்னு தெரியாது. அதுக்கு குவெரியோட கமெண்ட்டா ரூட் பேரச் சேக்கிற எஸ்க்யூஎல் கமெண்ட்டர் மாதிரி வழிகள் இருக்கு, ஆனா பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ் கமெண்ட்ட வச்சுப் பிரிக்காது, கமெண்ட் வேறயா இருந்தாலும் ஒரே குவெரியாத்தான் எண்ணும். கமெண்ட் உதவுறது சர்வர் லாக்லயும், அந்த நேரத்துல ஓடிக்கிட்டிருக்கிற குவெரிய பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டில பாக்கும்போதும்தான். ஒரு ரிக்வெஸ்ட் பல சர்வீஸத் தாண்டிப் போகுதுன்னா ஓப்பன் டெலிமெட்ரிதான், அதுல ஒவ்வொரு குவெரியும் ஒரு ஸ்பானா (ஒரு வேலையோட நேரத் துண்டா) படிக்கட்டு மாதிரி வரிசையாத் தெரியும், என் ப்ளஸ் ஒன் அங்கயும் பாத்த உடனே தெரியும். அமைக்கிற வேலை அதிகம், சின்ன டீமுக்கு உடனே தேவையில்ல.

சில்க்ல கண்டுபிடிச்சு சரி பண்ணத டெஸ்ட்ல பூட்டி வைக்காம விட்டா திரும்ப வந்துரும். குவெரி எண்ணிக்கைய சரிபாக்க அசர்ட் நம் குவெரீஸ்னு ஜாங்கோவே குடுத்திருக்கு, பைடெஸ்ட் ஆளுங்களுக்கு அதே வேலைக்கு ஒரு ஃபிக்ஸ்சர் இருக்கு. சில்க் ஜெனரேட் பண்ணிக் குடுத்த டெஸ்ட் க்ளையண்ட் கோட எடுத்து அதுக்குள்ள வச்சு 5-னு எழுதுங்க. டெஸ்ட் டேட்டால மட்டும் ஒரே ஒரு ஆர்டர் வைக்காதீங்க, ஒரு ஆர்டர் ஒரு ஐட்டம்னு வச்சா என் ப்ளஸ் ஒன் இருந்தாலும் இல்லாட்டியும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வரும். ரெண்டு அளவு டேட்டால ஓட்டி ரெண்டுலயும் எண்ணிக்கை சமம்னு பாக்கிறது இன்னும் உறுதி. யாராவது மெத்தட் ஃபீல்டுல ஃபில்டர் போட்டா டெஸ்ட் அங்கேயே சிவப்பாயிடும், எதிர்பாத்தது 5, வந்தது எத்தனைன்னு சொல்லி ஓடுன குவெரி எல்லாத்தையும் வரிசையாக் கொட்டிரும்.

யாருக்கு வேணும்னு கேட்டா, ஜாங்கோல ஏபிஐ எழுதுற, ஓஆர்எம்ம அதிகமா நம்பியிருக்கிற டீம் எல்லாருக்கும் டெவலப்மெண்ட்லயும் ஸ்டேஜிங்லயும் வேணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. முழுக்க ரா எஸ்க்யூஎல்ல எழுதுறவங்களுக்கு இது பெருசா உதவாது, பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ்ல ஆரம்பிங்க. அஞ்சுக்கு நாலு குடுக்கிறேன். அந்த ஒண்ணு குறைஞ்சது ஒத்த குவெரியச் சேத்துக் காட்டாததுக்கும், லாகின் டீஃபால்ட்டா இல்லாததுக்கும்.

சேத்தா நல்லா இருக்கும்னு நான் ரொம்ப எதிர்பாக்கிறது, ரெண்டு ரிக்வெஸ்ட்ட பக்கத்துல பக்கத்துல வச்சு எந்தக் குவெரி போச்சு, எது புதுசா வந்துச்சுன்னு காட்டுற ஒரு பக்கம். அது வர்ற வரைக்கும், க்ளியர் ரிக்வெஸ்ட் லாக் கமாண்ட ஓட்டி பழசத் துடைச்சுட்டு, கோட மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ரிக்வெஸ்ட், மாத்தினதுக்கு அப்புறம் அதே கர்ல்ல இன்னொரு ரிக்வெஸ்ட் அடிங்க. லிஸ்ட்ல ரெண்டே ரெண்டு வரிதான் இருக்கும், ரெண்டையும் தனித்தனி டேப்ல திறந்து குவெரி வரிசைய ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.